50 ரூபாய் தண்டனை இல்லை

தெருநாய் மேல் கல்லைப் போட்ட அந்த வீடியோவை மறுபடி பகிர மாட்டேன். பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்கள் தேட வேண்டாம். “அதான் கோர்ட்டே தண்டனை கொடுத்துவிட்டதே, இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு?” என்று நேற்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். அதற்குத்தான் இந்தப் பதிவு.

தூங்கிக்கொண்டிருந்த நாயின் முதுகில் ஹாலோ பிளாக் கல்லைத் தூக்கிப் போட்டவர் கோர்ட்டில் 50 ரூபாய் அபராதம் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். இது தண்டனை இல்லை.

மாஜிஸ்திரேட்டைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருந்தது அவ்வளவுதான். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில், முதல் முறை என்றால் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் 25இலிருந்து 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் பலனாக வந்த சட்டம் இது. அன்றைக்கு 50 ரூபாய் பெரிய பணம். இன்று தமிழ்நாட்டில் ஹெல்மெட் போடாமல் போனால் 1000 ரூபாய். ஒரு உயிரின் முதுகெலும்பை உடைத்தால் 50.

“பி.என்.எஸ். 325 இருக்கிறதே” என்று ஒரு வக்கீல் நண்பர் எழுதியிருந்தார். பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவைச் சொல்கிறார். இருக்கிறது சார். விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ ஐந்து வருடம் வரை சிறை. ஆனால் அது சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றங்களோடு சேர்த்து வைக்கப்பட்ட பிரிவு. “நாய் யாருடையது?” என்பதுதான் ஸ்டேஷனில் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி. யாருடையதும் இல்லை என்றோம். அந்தப் பிரிவைப் போடவே இல்லை.

எனக்கு இது புதிது இல்லை. முன்பு எங்கள் பகுதியில் ஒரு கடைக்காரர், காய்கறிக் கூடையில் வாய் வைத்த பசுவின் மேல் கொதிக்கிற எண்ணெயை ஊற்றினார். தோல் உரிந்து, ஈ மொய்த்து, அது நின்றுகொண்டே நடுங்கியதைப் பார்த்தேன். மாட்டுக்காரர் புகார் கொடுக்கப் பயந்தார், நான் கொடுத்தேன். இந்த மாதிரி வதைக்கு வாரன்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது என்றார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கிடைத்தது. அலைந்து அலைந்து, கடைசியில் மூன்று மாதம் முடிந்துவிட்டது என்றார்கள். ஆமாம், இந்தச் சட்டத்தில் மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பசுவுக்கு எதுவுமே நடக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

2021இல் நீலகிரி மசினகுடியில் யானை மேல் எரிகிற துணியை வீசினார்களே, அப்போது வீடியோ வெளியானதுமே கைது செய்ய முடிந்தது. அந்த யானைக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. தெருவில் பிறந்த விலங்குக்கு அது கிடையாது. தண்டனை போதாது, சட்டத்தைத் திருத்துங்கள் என்று ஜல்லிக்கட்டு வழக்கில் 2014இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022இல் மத்திய அரசே ஒரு சட்டத் திருத்த வரைவு வெளியிட்டது, கொடூர வதைக்கு மூன்று வருடம் வரை சிறை என்று. அது வரைவாகவே கிடக்கிறது.

“ஞாயிற்றுக்கிழமை மட்டன் சாப்பிடுகிறவள்தானே நீ?” ஆமாம், சாப்பிடுகிறேன். உணவுக்காகக் கொல்வதைச் சட்டமே அனுமதிக்கிறது, தேவையில்லாத வலி கொடுக்காதே என்கிறது. அவர் அந்த நாயைச் சமைக்கவா கல்லைத் தூக்கினார்?

“மனிதனுக்கே இங்கே நீதி இல்லை.” சரி, அதற்கும் சேர்ந்து கேட்போம். ஒன்றைக் கேட்டால் இன்னொன்று குறைந்துவிடுமா?

அப்புறம் நாய்க்கடி. ரேபிஸ் முற்றினால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை என்று எனக்கும் தெரியும், பிள்ளை பெற்றவள் நான். அதனால்தான் கருத்தடையும் தடுப்பூசியும் போடச் சொல்லி மாநகராட்சிக்கு ஓயாமல் எழுதுகிறேன். அந்த நாயின் காதில் வெட்டு இருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, ஊசி போட்டுத் திருப்பி விடப்பட்ட நாய் என்பதற்கான அடையாளம் அது. யாரையும் கடித்ததில்லை. அதன் முதுகை உடைத்ததில் எந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பு வந்தது?

குழந்தை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். வீடியோவில் அவர் பக்கத்தில் அவருடைய மகன் நிற்கிறான். ஒன்பது பத்து வயது இருக்கும். எனக்கு அந்தக் கல்லைவிட அவன் முகம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. அப்பா 50 ரூபாய் கட்டிவிட்டு வந்ததையும் அவன் பார்த்திருக்கிறான்.

என்னை ‘நாய்க்காரி’ என்கிறார்கள், சொல்லட்டும். ஆனால் என் சித்தப்பா மகனும் அந்த வீடியோவுக்குக் கீழே போய்ச் சிரிப்பு ஸ்மைலி போட்டிருக்கிறான், சின்ன வயதில் எங்கள் வீட்டு நாய் செத்ததற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவன். தம்பி, உன்னை பிளாக் செய்ய மாட்டேன். இந்தச் சட்டம் ஏன் மாறக்கூடாது என்று ஒரே ஒரு காரணம் கமென்டில் எழுது. நாய்க்கடி என்று மட்டும் எழுதாதே, அதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது.