'என்ன கேமரா அண்ணாச்சி?'

தாமிரபரணிப் படித்துறையை எடுத்த நல்ல படம் ஒன்றை யாராவது பதிவிட்டால், கீழே இரண்டு வகைக் கருத்துகள்தான் வருகின்றன. ஒன்று, 'நம் ஊர் எவ்வளவு அழகு!' இன்னொன்று, 'என்ன கேமரா அண்ணாச்சி?' முதலாவது ஆற்றுக்குச் சேர வேண்டிய பாராட்டு. இரண்டாவது கேமரா செய்த நிறுவனத்துக்குச் சேர வேண்டியது. எடுத்தவர் ஏன் அந்தப் படியில் நின்றார், எதைச் சட்டகத்துக்குள் வைத்தார், எதை வெளியே தள்ளினார் என்று யாரும் கேட்பதில்லை. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

பார்க்கத் தெரியாத சீமை அல்ல இது. கிருஷ்ணாபுரம் கோவிலுக்கு வருகிறவர்களைக் கவனியுங்கள். அரசகுமாரியைத் தூக்கிச் செல்லும் குறவனின் சிற்பத்தைப் பார்த்து, சிற்பி வைத்திருந்தது எந்த உளி என்று எவரும் விசாரிப்பதில்லை. சுற்றி வருகிறார்கள், குனிந்து பார்க்கிறார்கள், பக்கத்தில் இருப்பவருக்கு நரம்பையும் நகத்தையும் சுட்டிக்காட்டுகிறார்கள். அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கல் எப்படி அந்த உடலாக வளைந்தது என்பதில்தான் வியப்பு. அதே கண்கள் புகைப்படத்தின் முன் ஏன் அவ்வளவு சீக்கிரம் திருப்தி அடைந்துவிடுகின்றன?

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் 1932-இல் பிரான்ஸின் ஹியேர் நகரத்தில் எடுத்த படம் ஒன்று உண்டு. (1950-இல் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தாரே, அவர்தான்.) மேலிருந்து பார்க்கிறோம். படிக்கட்டு வளைந்து இறங்குகிறது, இரும்புக் கைப்பிடியும் கூடவே சுழன்று இறங்குகிறது. கீழே தெருவில் ஒருவர் சைக்கிளில் கடந்து போகிறார். படத்தில் இருப்பது அவ்வளவே. ஊரும் பெரிதாகத் தெரியவில்லை, சைக்கிள்காரரின் முகமும் தெரியவில்லை. கைப்பிடியைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள், படம் சரிந்துவிடும். சைக்கிளை மறைத்தால் வெறும் படிக்கட்டு மிஞ்சும். வளைவுகள் எல்லாம் சேர்ந்து நம் கண்ணை அந்த மனிதரிடம் கொண்டுபோய் விடுகின்றன.

அதோடு முடியவில்லை. படிகள் துல்லியமாக இருக்கின்றன, சைக்கிள் மட்டும் கலங்கியிருக்கிறது. ஓடும் சைக்கிளை உறைய வைக்கும் அளவுக்கு ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விட்டு மூடும் கதவு, வேகமாக இல்லை. வேகமாக இருந்திருந்தால் சக்கரக் கம்பிகள்கூடத் தெளிவாக விழுந்திருக்கும், ஆனால் அவர் அங்கேயே நின்றுகொண்டிருப்பதுபோல் தோன்றியிருக்கும். இப்போதோ அவர் போய்க்கொண்டே இருக்கிறார். சட்டக அமைப்பு வேறு, தொழில்நுட்பம் வேறு என்று பிரித்துப் பேசுவதை நான் ஏற்காததற்குக் காரணம் இந்தப் படம்தான்.

நம் பக்கத்துக்கு வருவோம். பாபநாசம் அகஸ்தியர் அருவியை எடுப்பவர்களில் பலர் ஒளியைக் குறைக்கும் இருள் ஃபில்டரை மாட்டி, ஷட்டரைச் சில வினாடிகள் திறந்து வைத்து, தண்ணீரைப் பால் ஆக்கிவிடுகிறார்கள். பார்க்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் மழைக்காலத்து அருவி இதமானதா? பாறையில் அறைந்து விழுகிற நீர் அது. 1/1000 வினாடியில் எடுத்தால் ஒவ்வொரு துளியும் கண்ணாடிச் சில்லாக நிற்கும். 1/15 வினாடி அளவில் எடுத்தால் நீர் கோடுகளாக இழுபடும். எந்தப் பக்கம் பாய்கிறது, எங்கே மோதித் திரும்புகிறது என்பதெல்லாம் தெரியும். பெருக்கெடுத்த அருவிக்கு இந்த இடைப்பட்ட வேகமே பொருந்தும் என்பது என் கட்சி. பால்போன்ற நீர் கெட்டது என்று சொல்லவில்லை. அலைகளைப் புகையாக்கி, நடுவே ஒற்றைப் பாறையைக் கறுப்பாக நிறுத்திய கடற்கரைப் படங்களில் மனம் தோய்ந்திருக்கிறேன். எடுப்பவர் அதைத் தேர்ந்தாரா, வழக்கமாகச் செய்தாரா என்பதுதான் கேள்வி.

கூந்தன்குளத்துப் பறவைப் படங்களிலும் இதைக் காணலாம். ஒளியை அளக்கும் கேமராவின் ஒளிமானி, பொதுவாக எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். கரிய நீரில் ஒரு சின்ன வெண்கொக்கு நின்றால், நீரைக் கணக்கிட்டுக் கொக்கை வெளுக்க அடித்துவிடும். இறகின் மடிப்பு ஒன்றுகூட மிஞ்சாது. கொக்கே சட்டகத்தை நிறைத்தால் அழுக்கு வேட்டி போலாகிவிடும். ஒரு படத்தில் வெண்மைக்குள்ளே இறகு இறகாகத் தெரிந்தால், எடுத்தவர் இயந்திரத்தின் பேச்சைக் கேட்காமல் தானே முடிவெடுத்திருக்கிறார் என்று அறியுங்கள். அங்கே ஒரு சபாஷ் போடுங்கள்.

'எடிட் செய்தது' என்று முகம் சுளிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில், நிலவு எழும் வேளையில் ஒரு படம் எடுத்தார். கல்லறைச் சிலுவைகளில் விழுந்த வெயில் மறையப் போகிறது. ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளியளவு மனத்தில் இருந்ததால், அதை வைத்தே கணக்கிட்டு எடுத்தார். இரண்டாவது படத்துக்கு முன் வெயில் போய்விட்டது. அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பல ஆண்டுகள் பிரிண்ட் போட்டார். போகப் போக வானத்தை மேலும் மேலும் கறுப்பாக்கினார். பியானோ பயின்ற அவருக்கு நெகட்டிவ் என்பது இசைக்குறிப்பு, பிரிண்ட் என்பது கச்சேரி. இருட்டறையில் அவர் செய்ததை ஏமாற்று என்று யார் சொல்வது? நெல்லையப்பர் கோபுரத்துக்குப் பின்னால் வேறோர் ஊரின் அந்தியை ஒட்டுவது வேறு விஷயம். அதை நான் ஏற்கமாட்டேன்.

இதையெல்லாம் கைபேசித் திரையில், கட்டைவிரல் தள்ளும் வேகத்தில் பார்த்துவிட முடியாது. நிழலுக்குள் இருக்கும் விவரத்தைக் காகிதத்தில்தான் நின்று நிதானமாகப் பார்க்க முடியும் என்பேன். பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு சுவரை நம் மாவட்டத்துப் புகைப்படக்காரர்களுக்கு ஒதுக்கித் தரும்படி கேட்கலாம் என்பது என் யோசனை. மாதம் ஒருவர், பத்துப் பிரிண்ட் போதும். எடுத்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பக்கத்தில் நின்று, ஏன் அங்கே நின்றேன், ஏன் அந்த ஷட்டர், ஓரத்தில் எதை வெட்டினேன் என்று பேசட்டும். மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்திட விரும்புகிறவர்கள் கீழே சொல்லுங்கள்.