கிட்டங்கிப் படத்தில் உட்கார்ந்திருப்பவர் முதலாளி அல்ல
செட்டியார்களின் வட்டித்தொழில் பற்றிய கட்டுரையில், சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியின் பழைய படத்தைக் காட்டி, ‘சின்ன மேசைப்பெட்டியோடு தரையில் உட்கார்ந்த சில்லறை வட்டிக்காரர்’ என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியில்லை. கிட்டங்கி என்பது செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கூடம், தனி ஆள் கடை அல்ல. ஒரே நீளக் கூடத்தில் பல மார்க்காக்கள், அதாவது தனித்தனி வட்டி நிறுவனங்கள், பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஆளுக்கு ஒரு பாய், சாய்ந்த மூடி வைத்த பெட்டி, பின்னால் இரும்புப்பெட்டி, அவ்வளவுதான் இடம். அதை வைத்து மூலதனத்தை எடைபோட முடியாது. படத்தில் இருப்பவரும் பெரும்பாலும் முதலாளி அல்ல, முதலாளியிடம் பவர் (அதிகாரப் பத்திரம்) வாங்கிக்கொண்டு மூன்று வருஷத் தவணைக்குப் போன ஏஜெண்ட். முதலாளி காரைக்குடிப் பக்கம் ஊரில் இருப்பார். மேலே கருத்து எழுதிய ஒருவர் படத்தில் தெரியும் பெயர்ப்பலகையில் உள்ள எழுத்துகளை அந்த ஆளின் இனிஷியல் என்கிறார். அது மார்க்காவின் விலாசம், அதாவது நிறுவனத்தின் பெயரெழுத்துகள்; ஏஜெண்ட் மாறினாலும் மாறாது. ஆள் அடையாளம் தேடுகிறவர்கள் வழுக்குவது இங்கேதான். இன்னொன்று, பழைய நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்த படங்கள் நிறைய உலவுகின்றன; பலகை எழுத்து தெரியாவிட்டால் பேனா எந்தக் கையில் இருக்கிறது என்று பாருங்கள், எல்லோருமே இடதுகைக்காரர்களாக இருந்தால் சந்தேகப்படலாம். படத்தில் வராத சங்கதியும் உண்டு. பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் அடமானம் முழுகியதால், 1938-க்குள் அது 25 சதவீதம் ஆனது. அந்த வயலை எந்தக் கிட்டங்கிப் படத்தில் தேடுவது?