பிள்ளையின் கழுத்தைத் தேய்க்காதீர்கள், பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

கழுத்துக்குப் பின்னால் கறுத்து, வெல்வெட் துணி மாதிரி தடித்துப்போன தோல். அதைக் கண்டதும் "ஒழுங்கா குளிக்கிறதே இல்ல" என்று பிள்ளையைத் திட்டி, கடலை மாவும் எலுமிச்சையும் போட்டுத் தோல் எரிய எரியத் தேய்க்கிறார்கள். அது அழுக்கு இல்லைங்க! உடம்பில் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரப்பதால் தோல் அப்படித் தடிக்கிறது. உடம்பு போட்ட பிள்ளைக்குக் கழுத்திலும் அக்குளிலும் இந்தக் கறுப்பு படர்ந்தால், எந்தக் கிரீமும் வாங்க வேண்டாம். நம் மலேசியாவில் அரசு கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி, வெறும் வயிற்றில் சீனி அளவைப் பாருங்கள், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 14.8 விழுக்காட்டினருக்கு உடல் பருமன். அதே ஆய்வில் நாட்டின் இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர்! இந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது, இன்னமும் "வளர்ற பிள்ளை, கொஞ்சம் புஷ்டியாத்தான் இருக்கட்டுமே" என்று பேச எப்படி மனம் வருகிறது? ஒரு நூலை எடுத்துப் பிள்ளையின் உயரத்தை அளந்து, பாதியாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். இரு நுனியும் சேரவில்லை என்றால் அது புஷ்டி கிடையாது. நம் இனத்து உடம்பு கொழுப்பை வயிற்றுக்குள் சேர்க்கும் உடம்பு. கை கால் ஒல்லியாக இருந்தாலும் ஆபத்து உள்ளே இருக்கும்.

ஆனால் பழி யார் மேல் விழுகிறது? பிள்ளை மேல். "வாயைக் கட்டமாட்டேங்கிறான்." அப்புறம் அம்மா மேல். பாட்டிலிலும் பெட்டியிலும் சீனியைக் கணக்குப் போட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒளித்து வைத்த நிறுவனத்தின் மேல் ஒரு வார்த்தை விழுவதில்லை. எனக்கு வயிறு எரிவது இங்கேதான்.

இனிப்புப் பான வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜூலை 1-இல் லிட்டருக்கு 40 சென்னில் (100 சென் ஒரு வெள்ளி) தொடங்கி, 2024-இல் 50 சென், 2025-இல் 90 சென் ஆனது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் 100 மில்லியில் சீனி 5 கிராமைத் தாண்டினால்தான் வரி. நிறுவனங்கள் என்ன செய்யும்? 4.8, 4.9 என்று வரம்புக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, விட்டுப்போன இனிப்பைச் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பைப் போட்டு நிரப்பும். குறைந்த வரைக்கும் லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் 4.8 கிராம் உள்ள 500 மில்லி பாட்டிலில் மொத்தம் 24 கிராம், அதாவது 6 தேக்கரண்டி சீனி. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன சிறந்த அளவு, நாளின் மொத்தக் கலோரியில் 5 விழுக்காட்டுக்குக் கீழே. 1,600 கலோரி தேவைப்படும் ஒரு பிள்ளைக்கு அது 20 கிராம். வரி கட்டத் தேவையில்லாத ஒரே பாட்டில், அந்தப் பிள்ளையின் ஒரு நாள் அளவைத் தாண்டிப் போய்விடுகிறது!

5.1 கிராமுக்கும் 90 சென், 12 கிராமுக்கும் 90 சென். அது இன்னொரு கொடுமை. பிரிட்டனில் 2018-இல் வரி போட்டபோது 5 கிராமுக்கு ஒரு படி, 8 கிராமுக்கு மேலே இன்னொரு படி என்று வைத்தார்கள். சீனி கூடக் கூட வரியும் கூடினால்தானே குறைக்கத் தோன்றும்? பழச்சாற்றுக்கு இங்கே வரம்பு 12 கிராம். சாதாரண ஆப்பிள் சாறு அதற்குள் தாராளமாக நுழைந்துவிடும். இன்னொரு பக்கம், சில்லறைச் சீனி விலை கிலோ 2.85 வெள்ளியிலேயே நிற்க வேண்டும் என்று 2023 நவம்பரில் ஆலைகளுக்குக் கிலோவுக்கு 1 வெள்ளி ஊக்கத்தொகை கொடுத்தது அரசு. ஒரு கையால் வரி, மறு கையால் ஊக்கத்தொகை.

சரி, லேபிளைப் படிக்கலாம் என்று போனால் அங்கேயும் பொறிதான். முதலில் "ஒரு பரிமாறல்" என்ற வரியை நம்பாதீர்கள். 500 மில்லி பாட்டிலில் ஒரு பரிமாறல் 200 அல்லது 250 மில்லி என்று போட்டிருப்பார்கள்; எந்தப் பிள்ளை பாதி குடித்து மூடி வைக்கும்? 100 மில்லிக்கான எண்ணை எடுத்து, பாட்டிலின் அளவால் பெருக்கி, 100-ஆல் வகுங்கள். வந்ததை 4-ஆல் வகுத்தால் எத்தனை தேக்கரண்டி என்று தெரியும்.

சாக்லேட் பால், ஸ்ட்ராபெரி பால் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. லேபிளில் மலாயில் "ஜும்லா கூலா" என்று இருப்பது மொத்தச் சீனி. பாலிலேயே 100 மில்லிக்குச் சுமார் 5 கிராம் இயற்கைச் சர்க்கரை உண்டு. லேபிளில் 9 என்றிருந்தால் 4 கிராம் அவர்கள் கொட்டியது. 200 மில்லிப் பெட்டிக்கு 8 கிராம், 2 தேக்கரண்டி. இந்தக் கழித்தல் கணக்கை வாங்குகிறவர் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

உட்பொருள் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. அதனால் சீனியைப் பிரித்துவிடுகிறார்கள்: கொஞ்சம் கூலா, கொஞ்சம் குளுக்கோஸ் சிராப், கொஞ்சம் பழச்சாற்றுக் கெட்டிக்கரைசல். மூன்றும் தனித்தனியாகக் கீழே இறங்கிவிடும், சேர்த்தால் முதலிடம். "தியாடா கூலா தம்பாஹான்" (சீனி சேர்க்கப்படவில்லை) என்று முன்பக்கம் பெரிதாக எழுதியிருந்தாலும், பழச்சாற்றுச் சர்க்கரையும் தேனும் கட்டுப்படுத்த வேண்டிய கணக்கில்தான் வரும். காலையில் பசியாற எடுக்கும் சாக்லேட் உருண்டைகளின் பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். 100 கிராமில் சீனி 22.5 கிராமைத் தாண்டினால் பிரிட்டனின் வண்ண லேபிள் முறையில் அதற்குச் சிவப்பு விளக்கு. இங்கே அதன் மேல் கார்ட்டூன் கரடி சிரிக்கிறது. சிலி நாட்டில் 2016-லேயே இப்படிப்பட்ட பெட்டிகளில் கார்ட்டூனைத் தடை செய்து, கறுப்பு எண்கோண முத்திரை குத்திவிட்டார்கள்.

இந்த இனிப்புப் பான வரி தொடாத இடம் ஒன்று உண்டு: கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஆனாலும் பினாங்கு லிட்டில் இந்தியா ஆனாலும், கடையில் கலக்கிக் கொடுக்கும் பானம். டின்னில் "கிரிமர் மானிஸ்" என்று போட்டிருந்தால் அது பால் என்ற கணக்கிலேயே சேராது. சீனியும் செம்பனை எண்ணெயும் கொஞ்சம் பால்தூளும். எடையில் ஏறக்குறைய பாதி சீனி. ஒரு பெரிய கரண்டியில் 10 கிராம். தே தாரிக்குக்கு (ஆற்றிய பால் தேநீர்) இரண்டு கரண்டி ஊற்றினால் 20 கிராம் முடிந்தது. ஐஸ் போட்டால் நாக்குக்கு இனிப்பு மங்கித் தெரியும், அதனால் இன்னும் ஊற்றுவார்கள். சிராப் பண்டோங்கில் சிராப்பும் டின் பாலும் சேர்ந்தே வருகின்றன. "குராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்று கேட்டால் எவ்வளவு குறையும் என்பது கலக்குகிறவரின் கைப்பழக்கம். பிள்ளைக்கு "கொசோங்" (பாலும் சீனியும் இல்லாமல்) என்று தெளிவாகக் கேளுங்கள், இல்லையென்றால் பச்சைத் தண்ணீர். வீட்டில் ஒரே நாளில் நிறுத்தினால் பிள்ளை அடம்பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு குறையுங்கள், நாக்கு பழகிவிடும்.

"பிள்ளைகளை ஓடி விளையாட விடுங்கள்" என்று இந்த நிறுவனங்களே விளையாட்டுப் போட்டிக்குப் பணம் கொடுத்துப் புத்தி சொல்வதுதான் பொறுக்கவே முடியவில்லை. ஓடட்டும், நல்லதுதான். ஆனால் குடிக்கும் சீனி வயிற்றை நிறைக்காது. பாட்டிலை முடித்துவிட்டு அதே பிள்ளை சோற்றையும் முழுசாகச் சாப்பிடும். ஓடவிட்டு, ஓடி வந்ததும் கையில் ஒரு இனிப்புப் பானத்தைக் கொடுத்தால் என்ன மிஞ்சும்?

சுகாதார அமைச்சு செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை. சேர்த்த சீனி எவ்வளவு என்று லேபிளில் தனியாக ஒரு எண் போடச் சொல்லுங்கள். அமெரிக்காவில் அந்த எண் கட்டாயம்; பன்னாட்டு நிறுவனங்கள் அங்கே ஒழுங்காக அச்சடித்துத்தான் விற்கின்றன.