எல்லாரும் ருசி பார்க்க, நான் மட்டும் ஸ்டியரிங் பிடிக்க

அடிலெய்டுக்கு சொந்தக்காரர் யார் வந்தாலும் ஒயினுக்குப் பேர்போன பரோசா பள்ளத்தாக்கைப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு மணி நேர ஓட்டம்தான். ஆனால் கார் சாவி எப்போதும் என் கையில்!

முழு லைசென்ஸ் இருந்தாலும் ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்தைத் தொடக் கூடாது. போலீஸ் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்லும். சட்டம் சரிதான், அதில் குறையில்லை. ஆனால் ஒயின் தயாரிக்கும் ஒவ்வொரு ஒயினரியிலும் இவர்கள் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினைச் சுழற்றி, முகர்ந்து, "மிளகு வாசனை வருதுல்ல?" என்று என்னிடமே கேட்க வேண்டுமா? நான் குடிப்பது தண்ணீர். "துப்புறதுக்குத்தான் பாத்திரம் வச்சிருக்காங்களே, கொப்பளிச்சுத் துப்பு" என்கிறான் மச்சான். கல்யாணப் பந்தியில் பாயசத்தை இவன் துப்புவானா?

அடுத்தது போட்டோ தொல்லை. திராட்சைக் கொடிகளுக்கு நடுவே போகாதீர்கள் என்று பலகை இருக்கும். 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபைலாக்சரா பூச்சி, செருப்பில் ஒட்டிய மண்ணோடு வந்துவிடும். எங்கள் மாநிலமான தென் ஆஸ்திரேலியாவுக்குள் அது இன்னும் நுழையவில்லை. 1843-ல் நட்ட கொடிகள்கூட அங்கே இன்னும் காய்க்கின்றன. இவ்வளவும் விளக்கி முடிப்பதற்குள் சித்தி கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். "ஒரே ஒரு போட்டோப்பா!"

திரும்பும்போது இருட்டிவிடும். பின்சீட்டில் குறட்டை. கங்காரு எந்தப் புதரிலிருந்து பாயுமோ என்று கண்ணை இமைக்காமல் நான்.

காசு கொடுத்தால் டிரைவரோடு டூர் வேன் கிடைக்கும். சொல்லிப் பார்த்தேன். "நீ இருக்கும்போது எதுக்குப்பா வீண் செலவு?"