டெய்லரின் 1981 கணக்கு பூஜ்யம் அல்ல

அமெரிக்கக் கால்பந்து வீரர் லாரன்ஸ் டெய்லரைப் பற்றி, "முதல் சீசனில் ஒரு சாக் கூட எடுக்கலை, மொத்தமே 132.5 தான்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். 132.5 அதிகாரபூர்வக் கணக்கு, அது சரி. ஆனால் எதிரணியின் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்கைப் பந்தோடு மடக்கி வீழ்த்தும் அந்த சாக்கை, அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் வீரர்வாரியாகக் கணக்கு வைக்க ஆரம்பித்ததே 1982-ல்தான். டெய்லர் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு வந்தது 1981. புள்ளிவிவரப் பட்டியலில் அந்த ஆண்டுக்கான கட்டம் காலியாக இருந்தால் எண்ணவில்லை என்று அர்த்தம், எடுக்கவில்லை என்று அல்ல. பின்னால் எண்ணிப் பார்த்தவர்கள் சொல்வது 9.5. சேர்த்தால் 142.

அதே 1981-ல் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர், சிறந்த தடுப்பாட்டக்காரர் இரண்டு விருதும் அவருக்குத்தான். சும்மா நின்றவருக்கா கொடுத்தார்கள்? 1982-ல் 7.5 தானே என்று கேட்பதற்கு முன்: வேலைநிறுத்தத்தால் அந்த சீசனே 9 ஆட்டங்கள்தான்.