துப்பாக்கிக் குழல் வழியே தெரிபவர் ஷான் கானரியா?

ஜேம்ஸ் பாண்ட் பட டைட்டிலில் வெள்ளை வட்டத்துக்குள் நடந்துவந்து, சட்டென்று திரும்பிச் சுடுகிறாரே, அது முதல் படத்திலிருந்தே, அன்று பாண்டாக நடித்த ஷான் கானரிதான் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு.

1962இல் வந்த 'டாக்டர் நோ'வில் அப்படித் திரும்புபவர் பாப் சிம்மன்ஸ் என்ற ஸ்டண்ட் கலைஞர். அந்த ஒரே காட்சியைத்தான் அடுத்த இரண்டு படங்களுக்கும் பயன்படுத்தினார்கள். நிறுத்திப் பாருங்கள்: சுடும்போது லேசாகத் துள்ளிக் குதிப்பார். தொப்பி முகத்தை மறைப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான்காவது படமான 'தண்டர்பால்' (1965) அகன்ற திரைக்காக எடுக்கப்பட்டது. பழைய காட்சி அதற்குப் பொருந்தாது. அப்போதுதான் கானரியை நிற்கவைத்துப் புதிதாகப் படம்பிடித்தார்கள். சுடும்போது அவர் கொஞ்சம் தடுமாறுவதும் தெரியும்! அதே படத்தின் தொடக்கத்தில் பாண்டிடம் அடிவாங்கிச் சாகும் வில்லனும் சிம்மன்ஸ்தான் என்பது தனிக் கூத்து.

அந்த வட்டம் கேமரா ஷட்டர் என்று அதே பதிவு சொல்வதும் சரியல்ல. டைட்டிலை வடிவமைத்த மாரிஸ் பைண்டர் நிஜத் துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே படம்பிடித்தார். சுற்றிலும் சுருளாகத் தெரிபவை, குண்டு சுழன்று பாய்வதற்காகக் குழலின் உட்புறம் வெட்டப்படும் பள்ளங்கள். சாதாரண லென்ஸுக்குக் குழல் முழுவதும் ஃபோகஸ் கிடைக்கவில்லை; அதனால் லென்ஸுக்குப் பதில் சிறு துளை மட்டுமே உள்ள ஊசித்துளை கேமராவைக் கொண்டு எடுத்தார்.