வன்னிக் குளங்களையும் பாருங்கோ

தும்பி பார்க்க இலங்கை வருபவர்கள் மலையருவிகளுக்குப் போனால் போதும் என்று ஒரு கட்டுரையில் வாசித்தேன். இந்தத் தீவுக்கே உரிய இனங்கள் பெரும்பாலும் மழை கூடிய தென்மேற்கு ஈரவலயத்தில்தான், அது சரி. ஆனால் 2009 வரை போர் நடந்த, இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் தும்பிகளைப் பார்த்து எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு. அதனாலேயே இங்கே எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் பெறுமதி உண்டு.

மாரி மழைக்குப் பிறகு வாருங்கோ. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எல்லாம் நிரம்பியிருக்கும். வயல் வரம்பில் சிறகின் அடிப்பாதி கறுத்து, நடுவில் வெள்ளை பட்ட தும்பி தாழப் பறக்கும். கோரைக்குள் குனிந்து பார்த்தால் சிறகை மடித்து ஊசித்தும்பி இருக்கும். வானத்தில் கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் தும்பி, வடகீழ்ப் பருவக்காற்றில் மாலைதீவு வழியாக ஆபிரிக்கா வரை கடல் தாண்டும் இனம். அதை எங்கள் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேணும்!

படத்தை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுங்கோ. வால் நுனி தெளிவாக இல்லாவிட்டால் பல இனங்களைப் பிரித்தறிய முடியாது. படத்தோடு குளத்தின் பெயர், திகதி குறிப்பது கட்டாயம். மிதிவெடி அபாயப் பலகை கண்டால் பாதையை விட்டு இறங்க வேண்டாம்.